கோபப்பட்டவர்கள் கண்ட ‘ஃபால் அவுட்’

ஒரு தொடரின் கடைசி எபிசோடு பார்வையாளர்களைக் கொதிக்க வைத்த கதை பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றில் பல உண்டு. அவற்றில் முதலில் சொல்லப்படுவது 1968 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘ஃபால் அவுட்’. ‘தி ப்ரிஸனர்’ தொடரின் பதினேழாவது, கடைசி எபிசோடு அது. நிலையங்களின் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன என்றும், அதை எழுதி இயக்கி நடித்த பேட்ரிக் மெக்கூஹன் சில நாள் தலைமறைவாக இருக்க வேண்டியிருந்தது என்றும் சொல்லப்படுகிறது. சொன்னவர்களில் மெக்கூஹனும் ஒருவர். அதே எபிசோடைத்தான் இன்று அத்தொடரின் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். காட்சி காட்சியாகப் பிரித்துக் கட்டுரை எழுதுகிறார்கள். அதன் உடைகளைத் தைத்துப் போட்டுக்கொண்டு வேல்ஸ் வரை போகிறார்கள்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்று உண்டு: அது காலத்தை முந்திய படைப்பு, அன்றைக்கு மக்களுக்குப் புரியவில்லை, இன்றைக்குப் புரிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அன்று கோபப்பட்டவர்களுக்கு அந்த எபிசோடு நன்றாகவே புரிந்தது என்று நினைக்கிறேன். பின்னால் வந்த ரசிகர்கள்தாம் அதைப் பழக்கி, வீட்டுப் பிராணியாக்கிவிட்டார்கள். எப்படி என்று பார்க்கலாம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. உளவுத்துறையில் இருந்தவர் என்று ஊகிக்கக்கூடிய ஒருவர் மேலதிகாரியின் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை அறைந்துவிட்டு, தன் லோட்டஸ் காரில் வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்குகிறார். கதவின் சாவித் துவாரம் வழியே மயக்க வாயு பாய்கிறது. கண் விழித்தால் அதே அறை; ஜன்னலைத் திறந்தால் வேறு ஊர். வண்ண வண்ணக் கட்டடங்கள், பேண்டு வாத்தியம், குடை பிடித்துச் சிரித்துக்கொண்டு உலாவும் மனிதர்கள். ஊருக்குப் பெயர் ‘கிராமம்’, அவ்வளவுதான். ஆட்களுக்குப் பெயரே கிடையாது, எண்தான். இவருக்கு ஆறு. நிர்வாகத்தைப் பார்ப்பவர் இரண்டாம் எண். அந்த நாற்காலியில் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருவர் உட்காருவார். அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்வி: ஏன் ராஜினாமா செய்தாய்? ஆறாம் எண் பதிலுக்குக் கேட்பதும் ஒரே கேள்வி: முதலாம் எண் யார்? தப்பியோடினால் பெரிய வெள்ளைப் பலூன் ஒன்று உறுமிக்கொண்டு வந்து ஆளை அமுக்கிவிடும்.

மெக்கூஹன் அதற்கு முன் ‘டேஞ்சர் மேன்’ என்ற உளவாளித் தொடரில் ஜான் டிரேக்காக நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகியிருந்தார். அந்த முகத்தை நம்பித்தான் ஐடிசி நிறுவனத்தின் லூ க்ரேடு இந்தப் புதுத் தொடருக்குப் பணம் போட்டார். மெக்கூஹனுக்கு ஏழு எபிசோடு போதும் என்ற எண்ணம். க்ரேடுக்கு அமெரிக்காவில் விற்க இருபத்தாறு வேண்டும். பேரம் பதினேழில் நின்றது. மெக்கூஹனின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் இருந்ததையும், முடிவு எழுதும்போது அவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லாததையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதைப் பொறுப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்க்ஸ்டைன் அதற்குள் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். டைட்டிலில் ஆறாம் எண் ராஜினாமாக் கடிதத்தை அறையும் மேசைக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலைக்காரர் மார்க்ஸ்டைனேதான். அவர் போன பிறகும் அவர் முகம் பெரும்பாலான வாரங்களில் வந்துகொண்டிருந்தது.

*

‘ஃபால் அவுட்’ தொடங்கும்போது ஆறாம் எண் வென்றுவிட்டார். முந்தைய எபிசோடான ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ முழுக்க அவருக்கும் இரண்டாம் எண்ணாக வரும் லியோ மெக்கர்னுக்கும் நடக்கும் மனப்போர். முடிவில் இரண்டாம் எண் செத்து விழுகிறார். வென்றவரை அழைத்துக்கொண்டு போகிறார்கள், முதலாம் எண்ணைக் காட்ட.

போகும் இடம் ஒரு குகை. அங்கே ஒரு சபை. வெள்ளை அங்கி, பாதி கறுப்பு பாதி வெள்ளை முகமூடி அணிந்த உறுப்பினர்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு பலகை. நலத்துறை, கல்வி, பொழுதுபோக்கு, அமைதிவாதிகள், அராஜகவாதிகள் என்று எதிரும் புதிருமான எல்லாரும் ஒரே சபையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவராகக் கென்னத் க்ரிஃபித் நீதிபதி விக்குடன் முழங்குகிறார். ஆறாம் எண்ணுக்கு ஒரு சிம்மாசனம். இறந்த இரண்டாம் எண்ணை உயிர்ப்பித்துக் கொண்டுவருகிறார்கள், தாடியை மழித்து. கூடவே நாற்பத்தெட்டாம் எண் என்ற இளைஞன் (அலெக்சிஸ் கானர்), கழுத்தில் மணி கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு சபையையே கேலி செய்கிறான். அவன் இளமையின் கலகமாம். இரண்டாம் எண் சோறு போட்ட கையைக் கடிக்கும் கலகமாம். ஆறாம் எண் மட்டும் உண்மையான தனிமனிதனாம். சபை அப்படித்தான் வகைப்படுத்துகிறது.

ஆறாம் எண்ணுக்கு வீட்டுச் சாவியும் பாஸ்போர்ட்டும் பணமும் தந்து, விரும்பினால் போகலாம், விரும்பினால் எங்களை ஆளலாம் என்கிறார்கள். பேச அழைக்கிறார்கள். எழுந்து ‘நான்’ என்று தொடங்குகிறார். அந்த முதல் சொல்லுக்கே சபை மேசையைத் தட்டி ஆரவாரிக்கிறது. மறுபடி தொடங்குகிறார், மறுபடி ஆரவாரம். அவர் கத்திக் கத்திப் பேசுவது தெரிகிறது. என்ன சொன்னார் என்பது கடைசிவரை யாருக்கும் கேட்பதில்லை. பதினாறு வாரம் தனிமனித உரிமையைப் பேசிய தொடர், அந்த மனிதனுக்கு மேடை கிடைத்த நேரத்தில் அவன் பேச்சைக் கைதட்டலால் மூடிவிட்டது. எனக்குத் தெரிந்து இந்தத் தொடரிலேயே கூர்மையான காட்சி இதுதான். முதலாம் எண்ணின் முகம் வெளிப்படும் காட்சிக்கு ரசிகர்கள் செலவிட்ட மையில் பத்தில் ஒரு பங்கு இதற்குச் செலவழிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முகம் வெளிப்படும் காட்சி இப்படி நடக்கிறது. ஆறாம் எண் ஒரு ராக்கெட்டுக்குள் ஏறிப் போகிறார். அங்கியும் முகமூடியுமாக ஓர் உருவம் கையில் கண்ணாடிக் கோளத்துடன் திரும்புகிறது. முகமூடியைப் பிடுங்குகிறார்: உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் பிடுங்குகிறார்: உள்ளே அவருடைய முகமே, பைத்தியம் பிடித்ததுபோல் சிரிக்கிறது. சில விநாடிதான். உருவம் ஏணியில் ஏறி ஓடிவிடுகிறது. பிறகு பீட்டில்ஸின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ ஒலிக்க இயந்திரத் துப்பாக்கிச் சண்டை. கிராமத்தை எல்லாரும் காலி செய்து ஓட, ராக்கெட் கிளம்ப, நம் ஆட்கள் ஒரு லாரியில் பொருத்திய கூண்டறைக்குள் ஆடிக்கொண்டே ஏ20 நெடுஞ்சாலையில் லண்டனுக்குப் போகிறார்கள். லண்டனுக்கு அவ்வளவு பக்கத்திலா இருந்தது அந்த ஊர்? இளைஞன் வழியில் இறங்கி வரும் வண்டிகளிடம் லிஃப்ட் கேட்கிறான், முதலில் ஒரு திசையில், பிறகு எதிர்த் திசையில். இரண்டாம் எண் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நடந்து மறைகிறார். ஆறாம் எண் தன் காரை எடுத்துக்கொண்டு போக, கூட வந்த குள்ள உருவப் பணியாளர் வீட்டு வாசலுக்கு வருகிறார். கதவு தானாகத் திறக்கிறது, கிராமத்து வீடுகளின் கதவு திறக்கும் அதே ஓசையோடு. கதவில் 1 என்ற எண். அடுத்து இடிமுழக்கம், வெறிச்சோடிய சாலை, பாய்ந்து வரும் கார்: தொடரின் முதல் காட்சி.

*

இதைப் பார்த்தவர்கள் எந்த நிலையில் பார்த்தார்கள் என்பதை ரசிகர்களின் கட்டுரைகள் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. தொடரை ஒளிபரப்பிய ஐடிவி அப்போது ஒரே நிலையம் கிடையாது. வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம். அதனால் கடைசி எபிசோடு பகுதிக்குப் பகுதி வேறு வேறு நாளில் ஒளிபரப்பானது. தேசமே ஒரே இரவில் கொதித்தெழுந்தது என்பது பின்னால் மெருகேறிய சித்திரம். தொடரை வண்ணப் படச்சுருளில் எடுத்திருந்தார்கள். ஆனால் ஐடிவியில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது 1969 நவம்பரில். ஆகவே 1968இல் பார்த்தவர்கள் கண்டது கறுப்பு வெள்ளையில், அன்றைய சிறிய திரையில், ஒரே ஒரு முறை. நிறுத்திப் பார்க்க, பின்னோட்டிப் பார்க்க வழியில்லை. வீடியோ ரெக்கார்டர் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் பரவலாக நுழைய இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தது.

அந்தச் சில விநாடி முகத்தை இந்த நிலைமையில் வைத்துப் பாருங்கள். தேநீர்க் கோப்பையை வைக்கக் குனிந்தவர் தவறவிட்டிருப்பார். பார்த்தவருக்கும் சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகம் வந்திருக்கும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் பெயர் வரும் வரியில் மை பதியாமல் போனால் வாசகர்கள் எப்படிக் கடிதம் எழுதுவார்களோ, அப்படித்தான் எதிர்வினை இருந்திருக்கும்.

ஆனால் முகம் தெரியாததால் மட்டும் வந்த கோபம் அது என்றால் முகத்தைத் தெளிவாகப் பார்த்தவர்கள் சாந்தமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எதிரி யார் என்று கேட்டதற்கு ‘நீதான்’ என்று சொல்வது துப்பறியும் கதையின் ஒப்பந்தத்தை மீறுவது. மெக்கூஹன் பின்னாளில் இதைத்தான் விளக்கமாகச் சொன்னார். 1977இல் கனடாவின் டிவிஒன்டாரியோவில் வார்னர் ட்ராயருக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில், மனிதனுக்குள் இருக்கும் தீமையே அவனுடைய பெரிய எதிரி, முதலாம் எண் அதுதான் என்றார். தானாகத் திறக்கும் கதவு அவன் இன்னும் சிறையில்தான் இருக்கிறான் என்பதற்கு அடையாளம் என்றார். ஜேம்ஸ் பாண்ட் பட வில்லன் மாதிரி ஒருவரைப் பார்வையாளர்கள் எதிர்பார்த்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வாக்குவாதமும் கோபமும் வர வேண்டும் என்று விரும்பியதாகவும், அது வந்ததில் மகிழ்ச்சி என்றும் வேறு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் அன்று தொலைபேசியை எடுத்துத் திட்டியவர், எபிசோடு எதை நோக்கி எறியப்பட்டதோ அந்த இடத்தில் அடிபட்டவர். அவருக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

*

பிந்தைய ரசிகர்களின் கதை வேறு விதம். 1976, 77இல் ஐடிவியின் சில பகுதிகளில் தொடர் மறுபடி ஒளிபரப்பானது. அதையொட்டி 1977இல் ‘சிக்ஸ் ஆஃப் ஒன்’ என்ற ரசிகர் சங்கம் பிறந்தது. மெக்கூஹனே கௌரவத் தலைவராக இருக்கச் சம்மதித்தார். 1983இன் பிற்பகுதியில் சேனல் 4 முழுத் தொடரையும் வண்ணத்தில் ஒளிபரப்பியது; முடிந்த கையோடு 1984 ஜனவரியில் ஓர் ஆவணப்படமும் போட்டது. இந்த முறை பார்த்தவர்களில் பலரிடம் ரெக்கார்டர் இருந்தது. ‘ஃபால் அவுட்’ மறு பிறவி எடுத்தது இந்த இயந்திரத்தால்தான் என்றால் மிகையில்லை.

ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த விளக்கங்கள் எல்லாமே திரும்பத் திரும்பப் பார்த்தால் மட்டுமே கிடைக்கக்கூடியவை. மிகப் பிரபலமானதை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான எபிசோடுகளின் டைட்டிலில் ஓர் உரையாடல் வரும். “முதலாம் எண் யார்?” என்று இவர் கேட்பார். “நீங்கள் ஆறாம் எண்” என்று பதில் வரும். ஆங்கிலத்தில் அந்தப் பதிலின் நடுவே ஒரு கணம் மூச்சு விட்டால் பொருள் “நீங்கள்தான், ஆறாம் எண்ணே” என்று ஆகிவிடும். அதாவது விடை வாராவாரம் சொல்லப்பட்டது, நாம்தான் கேட்கவில்லை என்பது ரசிகர்களின் வாதம். அழகான வாதம்தான். நடிகர்கள் அந்த வரியைப் பேசியபோது முடிவு எழுதப்பட்டிருக்கவில்லை என்ற சங்கடம் மட்டும் அதில் உண்டு. மெக்கூஹனின் மனத்தில் முதலிலிருந்தே அது இருந்திருக்கலாம் என்று ரசிகர்கள் பதில் சொல்வார்கள். லூ க்ரேடோ, முடிவு எப்படி என்று தனக்குத் தெரியவில்லை என மெக்கூஹன் தன்னிடம் வந்து ஒப்புக்கொண்டதாகத் தன் நினைவுகளில் சொல்கிறார். இரண்டு சாட்சிகளுமே நலன் சார்ந்த சாட்சிகள்.

இங்கேதான் ரசிகர் விமர்சனத்தின் மையச் சிக்கல் இருக்கிறது: எது திட்டம், எது விபத்து? ‘ஃபால் அவுட்’ விபத்துகளால் நிரம்பிய எபிசோடு. இரண்டாம் எண்ணின் தாடியை மழிக்கும் காட்சியை மறுபிறப்பின் சடங்கு என்று படிப்பவர்கள் உண்டு. முந்தைய எபிசோடு பல மாதம் முன்பே எடுக்கப்பட்டது. மெக்கர்ன் திரும்பி வந்தபோது தாடியும் நீண்ட முடியும் இல்லை. தோற்றம் மாறியதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. கென்னத் க்ரிஃபித் தன் உரையைத் தானே எழுதிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். நேரம் அவ்வளவு நெருக்கியது. மெக்கூஹன் இடையில் ‘ஐஸ் ஸ்டேஷன் ஸீப்ரா’ படத்தில் நடிக்க அமெரிக்கா போனதால் ஒரு முழு எபிசோடில் ஆறாம் எண்ணின் மனத்தை வேறு நடிகரின் உடம்புக்கு மாற்றி ஒப்பேற்றினார்கள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அந்தக் கதவு. கதவில் 1 என்று இருப்பதை வைத்து எழுதப்பட்ட பக்கங்களுக்கு அளவில்லை: வீட்டுக்காரனே முதலாம் எண் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அந்த வீடு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பக்கிங்ஹாம் பிளேஸ் என்ற தெருவில் இருக்கிறது. அதன் உண்மையான முகவரியே ஒன்றாம் இலக்கம். தபால்காரரும் அதைத்தான் படிப்பார். முதல் எபிசோடுக்காக அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களா, அல்லது கடைசி எபிசோடு எழுதும்போதுதான் ‘அட, நம் கையிலேயே இருக்கிறதே’ என்று தோன்றியதா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். அதனால் காட்சியின் வலு குறைந்துவிடாது. கையில் கிடைத்ததைக் கவ்விக்கொள்ளும் வேகம் மெக்கூஹனிடம் இருந்தது; அவசரத்தில் எடுத்த படம் என்பதை மறைக்காமல் அந்த அவசரத்தையே வெறியாக மாற்றியிருக்கிறார். ரசிகர்கள் தரும் ஒழுங்கான பொருள்விளக்கப் பட்டியலைக் காட்டிலும் எனக்கு இது உயர்ந்த பாராட்டாகவே படுகிறது.

மார்க்ஸ்டைன் கட்சி என்று ஒன்றும் இருக்கிறது. அதைக் கிறுக்கர்கள் கட்சி என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தின் இன்வர்லேர் லாட்ஜ் என்ற மாளிகையில், ரகசியம் அதிகம் தெரிந்துவிட்ட உளவு ஆட்களை வெளியே விட முடியாமல் வசதியாகத் தங்கவைத்திருந்தார்கள். கிராமம் என்ற எண்ணமே அங்கிருந்துதான் தனக்கு வந்தது என்றார் மார்க்ஸ்டைன். ஆறாம் எண் சந்தேகமில்லாமல் ஜான் டிரேக்தான் என்றும் சொன்னார். மெக்கூஹன் இதைக் கடைசிவரை மறுத்தார். ஆறாம் எண் டிரேக் என்றால் ‘ஃபால் அவுட்’ ஒரு துரோகம். உளவுக் கதைக்கு உளவுக் கதையின் முடிவு வேண்டும். டிரேக் இல்லை, யாராகவும் இருக்கக்கூடிய மனிதன் என்றால் ‘ஃபால் அவுட்’டைத் தவிர வேறு முடிவே கிடையாது. ஒருவருக்கு இந்த எபிசோடு பிடிக்குமா பிடிக்காதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலோடு ஒட்டியே வருகிறது. முந்தைய தொடரைப் பார்த்துவிட்டு வந்த 1968 பார்வையாளருக்கு அது டிரேக்தான். முகம் அதுவே, தொழிலும் ஏறக்குறைய அதுவே. 1983இல் பார்த்த இளைஞருக்கு டிரேக் யாரென்றே தெரியாது. பாதிச் சண்டை இந்தத் தலைமுறை இடைவெளியில் அடங்கிவிடுகிறது.

*

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிட்டிஷ் வழக்கு கைவசம் உண்டு, நேர் எதிரான திசையில். 1976 அக்டோபர், நவம்பரில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வில் நான்கு எபிசோடுகளாக வந்த ‘தி டெட்லி அசாசின்’. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பொதுமக்களுக்குக் கதையில் குறையொன்றும் தெரியவில்லை. மூன்றாவது எபிசோடின் முடிவில் டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த நிலையில் காட்சி உறைந்ததைக் கண்டித்து ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி வைட்ஹவுஸ் போர்க்கொடி தூக்கினார், அது தனிக் கதை. கொதித்தவர்கள் ரசிகர்கள். அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த ரசிகர் சங்கத்தின் தலைவர் அந்தக் கதையைக் கிழித்துத் தொங்கவிட்டு விமர்சனம் எழுதினார். காலத்தை ஆளும் மகத்தான இனமாக இருந்தவர்களை வம்பு பேசும் கிழட்டு அரசியல்வாதிகளாக ஹோம்ஸ் காட்டிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. பத்து, பதினைந்து வருடத்தில் அதே ரசிகர் உலகம் அந்தக் கதையை உச்சங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதில் வந்த சபைகளும் அங்கிகளும் பட்டங்களும் பின்னால் வந்த எல்லாக் கதைகளுக்கும் அடித்தளமாகிவிட்டன. அடித்தளத்தை வெறுத்துக்கொண்டு கட்டடத்தில் குடியிருக்க முடியாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படுகிறது. ‘டெட்லி அசாசின்’ மேல் கோபம் வந்தது, தங்களிடம் ஏற்கெனவே இருந்த உலகம் பறிபோகிறதே என்று. அந்த உலகம் வேறொரு வடிவில் திரும்பக் கிடைத்ததும் கோபம் போய்விட்டது. ‘ஃபால் அவுட்’ எந்த உலகத்தையும் திரும்பத் தரவில்லை. அதற்குப் பிறகு தொடரே இல்லை. அடுத்த எபிசோடு என்று ஒன்று இல்லாததால் விளக்கத்தின் முழு உரிமையும் ரசிகர் கைக்குப் போயிற்று. யாரும் வந்து மறுத்துச் சொல்லப்போவதில்லை. மெக்கூஹனும் பேட்டிகளில் சில இடங்களில் விளக்கி, சில இடங்களில் மழுப்பி, ஆர்வத்தைத் தணியாமல் பார்த்துக்கொண்டார்.

இப்படிப் பெற்ற உரிமையை ரசிகர்கள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பது சுவையான செய்தி. படப்பிடிப்பு நடந்த ஊர், வடக்கு வேல்ஸில் உள்ள போர்ட்மெரியன். கட்டடக் கலைஞர் க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925 முதல் ஐம்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கட்டிய, இத்தாலியச் சாயல் கொண்ட விடுதி ஊர் அது. கூட்டம் வந்து குவிந்துவிடும் என்று அஞ்சி அவர் கேட்டுக்கொண்டதால் இடத்தின் பெயரைத் தொடர் முழுக்க வெளியிடவில்லை. கடைசி எபிசோடின் தொடக்கத்தில்தான் நன்றி அறிவிப்பாகப் போட்டார்கள். முதலாம் எண் யார் என்று கேட்டவர்களுக்கு ‘ஃபால் அவுட்’ தந்த தெளிவான ஒரே விடை ஒரு முகவரி. வில்லியம்ஸ்-எல்லிஸ் அஞ்சியபடியே கூட்டமும் வந்தது. ரசிகர் மாநாடுகள் அங்கேயே நடந்தன: கோடு போட்ட மேலங்கி, பென்னி ஃபார்த்திங் சைக்கிள் சின்னம் பொறித்த எண் வில்லை, புல்வெளியில் மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடும் சதுரங்கம், தேர்தல் ஊர்வலம். தொடரில் ஆறாம் எண் தங்கியிருந்த வீட்டில் ‘ப்ரிஸனர்’ நினைவுப்பொருள் கடை.

எண்ணைப் பிடுங்கி எறிந்த மனிதனின் ரசிகர்கள் எண் வில்லை குத்திக்கொண்டு வரிசையில் நடக்கிறார்கள் என்று கிண்டல் செய்வது சுலபம். பத்திரிகைகள் சலிக்காமல் செய்துவிட்டன. அவர்களும் அந்த முரணை அறிந்தே சிரித்துக்கொண்டுதான் செய்கிறார்கள். என் குறை அதைப் பற்றியது இல்லை. ‘ஃபால் அவுட்’ விடையை மறுத்தது. ரசிகர்கள் அந்த மறுப்பையே விடையாக்கி, அதற்குப் பாடத்திட்டம் வகுத்துவிட்டார்கள். இளமை, அதிகாரம், தனிமனிதன் என்று மூன்று கலகம். குரங்கு என்றால் ஆதி மிருகம். ராக்கெட் என்றால் அணுயுத்தம். கதவு என்றால் நிரந்தரச் சிறை. புதிதாகப் பார்க்கிறவர் இந்த உரையைப் படித்துவிட்டுத்தான் எபிசோடுக்கு வருகிறார். அவருக்கு அதிர்ச்சி இல்லை, எனவே கோபமும் இல்லை. முகமூடிக்குள் யார் என்று தெரிந்தே பார்க்கிறார். மேசையைத் தட்டி ஆரவாரித்து ஆறாம் எண்ணின் பேச்சை மூழ்கடித்த அந்தச் சபையும் அவரைக் கொண்டாடிக்கொண்டுதானே இருந்தது!

2009 நவம்பரில் அமெரிக்காவின் ஏஎம்சி, ஐடிவியோடு சேர்ந்து, ‘தி ப்ரிஸன’ரை ஆறு பகுதிகளாகப் புதிதாக எடுத்து வெளியிட்டது. மெக்கூஹன் அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார். ஜிம் கவீஸல் ஆறாம் எண், இயன் மெக்கெல்லன் இரண்டாம் எண், நமீபியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு. கிராமம் என்பது என்ன, எங்கே இருக்கிறது, யாருடைய மனத்தில் உருவானது என்று முடிவில் வரிசையாக விளக்கம் சொல்லிவிட்டார்கள். விமர்சனம் ஏனோதானோவென்று வந்தது, பழைய ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், கோபம் என்று சொல்லும்படி எதுவும் எழவில்லை.

பழைய தொடரின் ரசிகர்களோ இன்னும் எபிசோடு வரிசையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஒளிபரப்பான வரிசை தவறு என்பதில் பலருக்கும் சந்தேகமில்லை. தேதிக் குறிப்பு, வசனத்தில் வரும் சிறு தகவல், ஆறாம் எண் எத்தனை நாள் அங்கே இருந்ததாகச் சொல்கிறார் என்பதையெல்லாம் கோத்து ஆளுக்கொரு பட்டியல் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவில் சான் ஹோசேயின் கேடிஇஎச் நிலையம் தனக்கென ஒரு வரிசை வகுத்து ஒளிபரப்பியது. எல்லாப் பட்டியலிலும் ‘ஃபால் அவுட்’ கடைசியில்தான் நிற்கிறது.